காசநோய் மாத்திரையிலிருந்து கல்லீரலைக் காக்க: கீழாநெல்லியா, சிலிமரினா, மஞ்சள்-சீந்திலா, இரத்தப் பரிசோதனையா?

காசநோய்க்கு மாத்திரை தொடங்கிய சில நாள்களிலேயே வீட்டுக்கு யோசனைகள் வரத் தொடங்கிவிடும். ஒருவர் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து மோரில் அரைத்துக் குடிக்கச் சொல்வார். இன்னொருவர் சீந்தில் கொடியை எடுத்துக்காட்டுவார். மருந்துக் கடையில் சிலிமரின் அட்டையைக் காட்டி, "ஈரலுக்கு நல்லது, சேர்த்துச் சாப்பிடுங்கள்" என்பார்கள். நோயாளிக்கு உள்ளுக்குள் பயம் இருக்கும். வாந்தியும் பசியின்மையும் அந்தப் பயத்தைக் கூட்டும். இவற்றில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

அந்தப் பயம் வெறும் கற்பனையன்று. மருந்தினால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 2013 முதல் 2018 வரை திரட்டிய பதிவில் 1,288 பேர் இருந்தார்கள். அவர்களில் 46.4 சதவீதத்தினருக்குக் காரணம் காசநோய் மருந்துகள். அதே பதிவில் 13.9 சதவீதத்தினருக்குக் காரணமாக இருந்தவை மூலிகை உள்ளிட்ட மாற்றுமுறை மருந்துகள். கல்லீரலைக் காப்பதற்காக மூலிகையைத் தேடும் எவரும் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் ஐந்து கேள்விகளை முன்வைக்கிறேன். காசநோய் மருந்து எடுக்கும் மனிதர்களிடமே சோதிக்கப்பட்டதா? சேதம் நடக்கும் வழியை அது உண்மையில் மறிக்கிறதா? காசநோய் மருந்தின் வேலையைக் கெடுக்குமா? அதுவே கல்லீரலைக் கெடுக்குமா? கடைசியாக, விலைச்சீட்டில் தெரியாத செலவு என்ன?

முதல் கேள்வியிலேயே பெரும்பாலான மூலிகைகள் தேறாமல் நின்றுவிடுகின்றன. எலிகளுக்குக் காசநோய் மருந்துகளான ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் கொடுத்து, கூடவே ஒரு செடியின் சாரத்தையும் கொடுத்து, பிறகு ஈரலை எடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் ஏராளம். செல்லைக் காக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் குறையவில்லை, கொழுப்புப் படலங்கள் சிதைந்ததைக் காட்டும் மலோன்டைஆல்டிஹைடு ஏறவில்லை, ஆகவே செடி காக்கிறது என்று அவை முடியும். ஆனால் பல ஆய்வுகளில் நஞ்சு ஏறுவதற்கு முன்பே எலிக்குச் சாரம் கொடுக்கப்பட்டுவிடுகிறது. அளவும் பெரிது. எலியின் எடையில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்பது சாதாரணமாகப் பயன்படும் அளவு. உடற்பரப்பை வைத்துக் கணக்கிட்டால் 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் உலர்சாரம். இலையின் எடையன்று, வடித்து உலர்த்திய சாரத்தின் எடை. ஒரு கைப்பிடி இலையை அரைத்துக் குடிப்பவர் அந்த அளவின் அருகில்கூடப் போவதில்லை.

## கல்லீரலுக்குள் நடப்பது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தேர்வு முழுவதும் இதைப் பொறுத்தது.

முதல் இரண்டு மாதங்களில் கொடுக்கப்படும் கூட்டு மாத்திரை ஒவ்வொன்றிலும் ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எதாம்புட்டால் 275 மில்லிகிராம் இருக்கின்றன. எடைக்கு ஏற்ப எத்தனை மாத்திரை என்பது முடிவாகும். இவற்றில் எதாம்புட்டால் கல்லீரலைப் பெரிதாகத் தொடுவதில்லை. அதற்குக் கண்ணைத்தான் கவனிக்க வேண்டும். மற்ற மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை.

ஐசோனியாசிடைக் கல்லீரல் உடைக்கும்போது அசிடைல்ஹைட்ரசின், ஹைட்ரசின் ஆகிய துணைப்பொருள்கள் உண்டாகின்றன. இவற்றைத் தீங்கற்றதாக மாற்றும் நொதி சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்யும். அது பிறவியிலேயே அமைவது. இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மெதுவான வகையினர். மீந்து நிற்கும் நச்சுப் பொருள்களை இன்னொரு நொதி ஆக்சிஜனேற்றம் செய்யும்போது தீவிரமாக வினைபுரியும் மூலக்கூறுகள் பிறந்து செல்லின் புரதங்களையும் படலங்களையும் தாக்குகின்றன. அந்த நொதியை மது தூண்டிவிடுகிறது. ரிஃபாம்பிசின் கூடவே இருப்பதால் நச்சுத் துணைப்பொருள்கள் உருவாகும் பாதையும் முடுக்கப்படுகிறது.

இத்தாக்குதலைத் தாங்கி நிற்பது செல்லுக்குள் இருக்கும் குளுட்டாதயோன். அது தீர்ந்த பிறகு சேதம் தொடங்குகிறது. ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் தந்தால் காக்கலாம் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது. பாராசிட்டமால் அளவு மீறும்போது இந்த எண்ணம் முழுக்கச் சரியாகிறது: அங்கே குளுட்டாதயோன் தீர்வதே மையக் காரணம், அதை நிரப்பும் என்-அசிடைல் சிஸ்டீன் உயிரைக் காக்கிறது.

காசநோய் மருந்தில் கதை அவ்வளவு நேரானதல்ல. உடலின் எதிர்ப்பு அமைப்பே, மருந்து ஒட்டிக்கொண்ட தன் புரதங்களை அந்நியமாக எண்ணித் தாக்குவதும் இதில் ஒரு பங்கு. அந்தப் பங்கை எந்த ஆன்டிஆக்சிடன்டும் நேராகத் தடுப்பதில்லை. எலி ஆய்வில் மின்னிய செடிகள் பல மனிதரிடம் மங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

இன்னொன்று: மாத்திரை எடுப்பவர்களில் கணிசமானோருக்கு முதல் வாரங்களில், கல்லீரல் சேதத்தை இரத்தத்தில் காட்டும் நொதியான எஸ்ஜிபிடியின் அளவு சற்றே ஏறி, மருந்தை நிறுத்தாமலேயே தானாக இறங்கிவிடும். கல்லீரல் பழகிக்கொள்கிறது. அந்த நேரத்தில் எந்தக் கஷாயத்தைக் குடித்திருந்தாலும் பெயர் கஷாயத்துக்கே போகும்.

## கீழாநெல்லி

நம்மிடம் இதற்கு இருக்கும் மதிப்பு பழையது. மஞ்சள் காமாலை என்றாலே கீழாநெல்லி. நவீன அறிவியலிலும் இதற்கு ஒரு சென்னை வரலாறு உண்டு. 1988-இல் எஸ். பி. தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் உள்ளிட்ட குழு 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்ததாக அது சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்த வெற்றி திரும்பக் கிடைக்கவில்லை.

நம் கேள்விக்கு முக்கியமானது வேறு. அந்த ஆய்வு வைரஸைப் பற்றியது. மருந்தின் நச்சைப் பற்றியதன்று. ஐசோனியாசிட், பாராசிட்டமால் போன்றவற்றின் சேதத்தைக் கீழாநெல்லி குறைப்பதற்கான சான்று பெரும்பாலும் எலிகளிடம் நிற்கிறது. காசநோயாளிகளுக்கு இதைப் பரிந்துரைக்கும் அளவுக்கு மனித ஆய்வு நம் கையில் இல்லை.

இதன் மறைமுகச் செலவு நாள்கள். கண் மஞ்சளானதும், "காமாலைதானே, கீழாநெல்லி பார்த்துக்கொள்ளும்" என்று காசநோய் மாத்திரையையும் விழுங்கியபடி ஒரு வாரம் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. கெட்டுப்போன உணவாலும் நீராலும் வரும் காமாலை பெரும்பாலும் தானே ஆறும். அதைப் பார்த்து வளர்ந்த நம்பிக்கையை மருந்தால் வந்த காமாலைக்கு மாற்ற முடியாது. மருந்தால் வந்தது, அந்த மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை வளரும். பெங்களூருவின் ஒரு மருத்துவமனையிலிருந்து 2010-இல் வெளியான 313 நோயாளிகள் பற்றிய தொகுப்பில், மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களில் 17 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள்.

## சிலிமரின்

மத்தியதரைக் கடல் பகுதியில் தோன்றிய ஊதாப் பூ முட்செடியின் விதைச் சாரம் இது. அடையாளம் தெளிவு, அளவு தெளிவு; வழக்கமாக 140 மில்லிகிராம் மாத்திரை. கீழாநெல்லிக்கு இல்லாத ஒரு பெருமை இதற்கு உண்டு: இதன் முக்கியக் கூறான சிலிபினினை ஐரோப்பிய மருத்துவமனைகள் நச்சுக் காளானைத் தின்றவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றுகின்றன. காளானின் நஞ்சு கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வாசலை அது அடைக்கிறது. காசநோய் மருந்துக்கு அப்படி அடைக்க ஒரே வாசல் இல்லை, வாயால் விழுங்கும் சிலிமரினும் குறைவாகவே உடலில் சேர்கிறது.

காசநோயாளிகளிடமே இது சோதிக்கப்பட்டிருக்கிறது என்பதை மனமாரப் பாராட்ட வேண்டும். தாய்லாந்தின் சிறிய ஆய்வில் பலன் தெரிந்தது. ஈரானிலும் கொரியாவிலும் மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆக, பலன் இருந்தாலும் சிறிதாகத்தான் இருக்க வேண்டும்.

தீங்கு மிகக் குறைவு. லேசான வயிற்றுப்போக்கு, அபூர்வமாக ஒவ்வாமை. சிலிமரினே கல்லீரலைக் கெடுத்தது என்பதற்கு நம்பத்தக்க பதிவு அநேகமாகக் கிடையாது. மறைமுகச் செலவு பணம்தான், அதுவும் ஏழை வீட்டில் சிறிய செலவன்று. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

## மஞ்சளும் சீந்திலும்

இந்த ஒப்பீட்டிலேயே மிகவும் சிக்கலானது இதுதான். சான்றில் மிக அழகான எண்ணும், ஆபத்தில் மிகக் கவலையான எண்ணும் இந்த ஒரே இணையிடம் இருக்கின்றன.

குஜராத்தில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், காசநோய் மருந்து மட்டும் எடுத்த 192 பேரில் 27 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது. குர்குமின் செறிவூட்டிய மஞ்சள் சாரத்தையும் சீந்தில் சாரத்தையும் நாளொன்றுக்குத் தலா 1 கிராம் சேர்த்து எடுத்த 316 பேரில் 2 பேருக்கு மட்டுமே வந்தது. 14 சதவீதம் ஒரு பக்கம், ஒன்றுக்கும் குறைவு மறுபக்கம். எந்த மருந்துக்கும் கிடைத்தற்கரிய முடிவு. ஆனால் யார் எதை எடுக்கிறார் என்பதை நோயாளியிடமிருந்தும் மருத்துவரிடமிருந்தும் மறைக்கும் வகையில் அது அமைக்கப்படவில்லை. இவ்வளவு பெரிய பலன் உண்மையானால், அப்படி மறைத்து நடத்தும் அடுத்தடுத்த ஆய்வுகள் அதை உறுதிசெய்திருக்க வேண்டும். அந்த உறுதி இல்லாமல் இதை வழக்கச் சிகிச்சையில் சேர்க்க முடியாது.

பிறகு கொரோனா வந்தது. எதிர்ப்புச் சக்திக்கென்று வீடுதோறும் சீந்தில் குடித்தார்கள். 2020-இன் கடைசி மாதங்களில் மும்பையில் சீந்தில் குடித்த ஆறு பேருக்குக் கடுமையான கல்லீரல் அழற்சி வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதைத் தொடர்ந்து நாட்டின் 13 மையங்கள் சேர்ந்து 43 நோயாளிகளைப் பதிவு செய்தன. தன்னுடலைத் தானே தாக்கும் வகையான அழற்சியைச் சீந்தில் கிளப்பிவிடுவதுபோலத் தெரிந்தது. வேறொரு கொடியைச் சீந்தில் என்று எடுத்துவிட்டார்கள் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்த மறுப்பை அப்படியே ஏற்றாலும் வாங்குபவரின் நிலைமை மாறுவதில்லை: டப்பாவுக்குள் எந்தக் கொடி என்பதை அவரால் சோதிக்க முடியாது.

மஞ்சளுக்கும் இப்போது தனிக் கோப்பு இருக்கிறது. அமெரிக்காவின் கல்லீரல் பாதிப்புக் கண்காணிப்பு வலையமைப்பு, மஞ்சள் மாத்திரையால் வந்த பத்து நிகழ்வுகளைப் பதிவு செய்தது. அவர்களில் ஏழு பேர் குறிப்பிட்ட ஒரே மரபணு வகையைக் கொண்டிருந்தார்கள். உடலில் நன்றாகச் சேர வேண்டும் என்று மிளகுச் சத்தான பைப்பரின் சேர்த்த மாத்திரைகளும் அவற்றில் இருந்தன. குழம்பில் போடும் மஞ்சளை நான் சொல்லவில்லை. அது பெரும்பாலும் உடலில் ஏறாமலே வெளியேறுகிறது, அச்சமின்றிச் சாப்பிடலாம். செறிவூட்டிய மாத்திரை வேறு.

பைப்பரினில் காசநோயாளிக்குக் கூடுதலான ஒரு சிக்கல் உண்டு. அது ரிஃபாம்பிசினின் அளவை இரத்தத்தில் ஏற்றுகிறது. இதை அறிந்தே, ரிஃபாம்பிசினைக் குறைத்து பைப்பரினைச் சேர்த்த கூட்டு மாத்திரை ஒன்று இந்தியச் சந்தைக்கு வந்திருக்கிறது. முழு அளவு ரிஃபாம்பிசின் எடுப்பவர், தெரியாமல் மிளகுச் சத்து சேர்ந்த மஞ்சள் மாத்திரையையும் விழுங்கினால், மருத்துவர் கணக்கிட்ட அளவு அங்கே குலைகிறது.

காசநோய் மருந்து எடுக்கும் காலத்தில் சீந்திலும் மஞ்சள் மாத்திரையும் வேண்டாம் என்பதே என் முடிவு. ஏற்கெனவே தைராய்டு அழற்சி, முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் சீந்திலை எக்காலத்திலும் தவிர்ப்பது நல்லது.

## பல மூலிகை கலந்த 'ஈரல்' மருந்துகள்

இதில் நீண்ட விளக்கம் தேவையில்லை. எது எவ்வளவு என்று தெரியாத கலவையை எந்தக் கேள்வியை வைத்தும் எடைபோட முடியாது. இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. உரிமமும் பகுப்பாய்வுச் சான்றும் இல்லாத பொடியைக் காசநோயாளிக்குக் கொடுக்காதீர்கள்.

## என்-அசிடைல் சிஸ்டீன்

செடியன்று, ஆனால் செடிகள் செய்வதாகச் சொல்லும் வேலையை நேராகச் செய்வதால் இந்த வரிசையில் இதற்கு இடம் உண்டு. குளுட்டாதயோனைக் கட்ட உடலுக்கு வேண்டிய மூலப்பொருள் இது.

ஈரானில் 60 வயதுக்கு மேற்பட்ட காசநோயாளிகளிடம் நடந்த சிறிய ஆய்வில், தினமும் இரண்டு வேளை 600 மில்லிகிராம் எடுத்த 28 பேரில் ஒருவருக்கும் இரண்டு வாரத்துக்குள் கல்லீரல் பாதிப்பு வரவில்லை. எடுக்காத 32 பேரில் 12 பேருக்கு வந்தது. பாதிப்பு வந்த பிறகு நரம்பு வழியாக ஏற்றினால் என்ன ஆகும் என்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் பார்த்தார்கள். கல்லீரல் நொதி இறங்கும் வேகம் மாறவில்லை, ஆனால் மருத்துவமனையில் இருந்த நாள்கள் ஏறத்தாழ பாதியாகின.

சான்று சிறியது, ஆனாலும் வழிமுறை பொருந்துகிறது, பொருள் தூய்மையானது, அளவு தெரிந்தது. குமட்டல் வரலாம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும்போது கவனம் தேவை. மருத்துவர் சொன்னால் மட்டும்.

## எதுவும் சேர்க்காமல் கண்காணிப்பது

பலருக்கு இது ஒரு தேர்வாகவே தோன்றுவதில்லை. 'சும்மா இருப்பது' போலப் படுகிறது. என் கணிப்பில் பெரும்பாலானோருக்கு இதுவே முதல் தேர்வு, இதில்தான் செய்ய வேண்டியதும் அதிகம்.

மாத்திரை தொடங்கும் முன் ஒரு கல்லீரல் பரிசோதனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மது அருந்துபவர், முதியவர், கர்ப்பிணி, ஹெபடைட்டிஸ் பி அல்லது சி உள்ளவர், எச்ஐவி உள்ளவர், உடல் மிக மெலிந்தவர் ஆகியோர் முதல் இரண்டு மாதங்களில் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்ப எடுக்க வேண்டும். பாதிப்பு பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் வருகிறது. எஸ்ஜிபிடி இயல்பின் மேல்வரம்பைப்போல ஐந்து மடங்கைத் தாண்டினால், அல்லது அறிகுறியோடு மூன்று மடங்கைத் தாண்டினால் மருந்தை நிறுத்துவார்கள். நொதி இறங்கிய பின் ஒவ்வொரு மருந்தாகத் திரும்பச் சேர்த்து, எது காரணம் என்று கண்டுபிடிப்பார்கள்.

மூலிகையின் மிகப் பெரிய மறைமுகச் செலவு இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. நொதி ஏறியபோது நோயாளி மூன்று மூலிகைகளையும் எடுத்துக்கொண்டிருந்தால், குற்றவாளி ஐசோனியாசிடா சீந்திலா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. குற்றமில்லாத ஒரு நல்ல காசநோய் மருந்து சிகிச்சையிலிருந்து நீக்கப்படலாம். சிகிச்சை நீளும், மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு வழி திறக்கும்.

அறிகுறிகளில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ரிஃபாம்பிசின் சிறுநீரையும் வியர்வையையும் கண்ணீரையும் ஆரஞ்சு நிறமாக்கும், அது நோயன்று. கண்ணின் வெண்மைப் பகுதி மஞ்சளானால் அது காமாலை. பசி அறவே போவது, விடாத குமட்டல், வலது மேல்வயிற்றில் வலி, காரணமில்லாத பெரும் சோர்வு ஆகியவை கண் மஞ்சளாவதற்கு முன்பே வரும் எச்சரிக்கைகள். அப்போது அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். காசநோய் மாத்திரையோடு கொடுக்கும் பைரிடாக்சின் (வைட்டமின் பி6) கல்லீரலுக்கான காப்பு என்று பலர் எண்ணுகிறார்கள், அது நரம்புகளுக்கானது.

இனிப் பணம். காசநோயாளிக்கு அரசு மாதந்தோறும் கொடுக்கும் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். சிலிமரினுக்கோ மூலிகை டப்பாவுக்கோ போகும் பணம் பெரும்பாலும் இந்தத் தொகையிலிருந்துதான் போகிறது. மெலிந்த உடலுக்குக் கல்லீரல் பாதிப்பின் அபாயமும் அதிகம். குளுட்டாதயோனைக் கட்டும் அமினோ அமிலங்கள் முட்டையிலும் பருப்பிலும் மீனிலும் இருக்கின்றன. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஊட்டச்சத்து ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த ஆயிரம் ரூபாயை முட்டைக்குச் செலவிடுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வேன்.

## யாருக்கு எது?

இளம் வயது, மது இல்லை, தொடக்கப் பரிசோதனை இயல்பு: எதுவும் சேர்க்க வேண்டாம். நல்ல உணவும் அறிகுறி பற்றிய விழிப்பும் போதும்.

முதியவர், மெலிந்தவர், ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்: அடிக்கடி பரிசோதனை. என்-அசிடைல் சிஸ்டீன் தனக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

ஏதாவது எடுக்காமல் மனம் அமைதியடையவில்லை, கையில் பணமும் இருக்கிறது: சிலிமரின் மட்டும், மருத்துவருக்குத் தெரிவித்து.

கீழாநெல்லியை ஏற்கெனவே குடித்துக்கொண்டிருப்பவர்: காசநோய் மாத்திரை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் அரசு சித்த மருத்துவரிடம் போய், காசநோய் மருந்து எடுப்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் இந்தப் பட்டியலைத் தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம். அங்கே சில மருந்துகள் ஆக்சிஜனேற்றச் சேதத்தின் வழியாகவும் கட்டியைக் கொல்கின்றன. காப்பு கட்டிக்கும் கிடைத்துவிடக்கூடும்.

அடுத்த முறை காசநோய் மையத்துக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் பொடி, லேகியம், டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதை, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு எடுத்தீர்கள் என்பதை மருந்து அட்டையின் பின்புறம் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். நொதி ஏறும் நாளில் அவர் முதலில் தேடப்போவது அந்தத் தேதிகளைத்தான்.